சனிக்கிழமை அப்பாக்கள்

ஜூன் 14, சனி

அப்பாக்கள் குழுவின் முதல் கூட்டம். யாரும் வரவில்லை.

காட்டுவேலம்பாளையத்தில் அப்பாக்கள் கிடையாது என்று போன மாதமே தொண்டு நிறுவனத்தின் சேலம் ஆபீசில் சொல்லியிருந்தேன். ஊர் ஆண்களில் பாதிப் பேர் ரிக் வண்டியோடு போர்வெல் போட சத்தீஸ்கர், ஒடிசா என்று போய்விட்டார்கள். வடக்கே மழை பிடித்தால்தான் திரும்புவார்கள். மீதிப் பேருக்குக் கோழிப்பண்ணையில் வேலை. ஜெபராஜ் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அம்மாக்கள் குழுவுக்கு வேற நிதி மேடம். இது அப்பாக்களுக்குன்னே வந்த நிதி. அப்பாக்களைத்தான் கூப்பிடணும்" என்றார். நிதி கொடுப்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கே அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள் போல.

திட்டத்தின் பெயர் 'பிள்ளையோடு பத்து நிமிடம்'. தினமும் பத்து நிமிடம் அப்பா பிள்ளையோடு உட்கார வேண்டும். போன் கூடாது, புத்திமதி கூடாது, மார்க் கேட்கக் கூடாது. என் டியூஷன் மையம் நடக்கும் பஞ்சாயத்து டிவி ரூமைச் சுத்தம் செய்து, பாய் விரித்து, சுண்டல் அவித்து வைத்திருந்தேன். டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டன.

ஜூன் 15, ஞாயிறு

மகள் சுபிக்ஷாவை ஹாஸ்டலில் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. ப்ளஸ் டூ. டாக்டருக்குப் படிக்க வைப்பதில் பெயர் வாங்கிய பள்ளி. ஞாயிறு காலையில் மட்டும் வார்டன் அறையிலிருந்து ஸ்பீக்கரில் பேச விடுவார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். வாரத் தேர்வில் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். அவள் அப்பா பக்கத்திலிருந்து "இன்னும் வரணும்" என்றார். வரும் என்றாள்.

ஜூன் 21, சனி

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பிள்ளை இல்லை. சுண்டலுக்குத்தான் வந்தேன் என்று அவரே சொன்னார். நேர்மையானவர். வருகை எழுதிக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

காலில் கட்டோடு ஒருவர் வந்தார். பெயர் செங்கோடன், ரிக்கில் டிரில்லர். ராய்ப்பூர் பக்கம் பைப் காலில் விழுந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பாராம்.

"பொண்ணு என்ன படிக்குதுங்கண்ணா?"

"ஒம்பதாவதுங்க டீச்சரு."

அவர் பெண் மேகலா என்னிடம் டியூஷன் வருகிறாள். பத்தாவது. திருத்தினேன்.

"அதுக்குள்ளயுங்களா?" என்றார்.

பத்து நிமிட விதிகளைச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 12, சனி

செங்கோடன் தினமும் விடாமல் உட்கார்ந்தாராம்.

"என்ன பேசினீங்க?"

"பேசலீங்க. அது கட்டல்ல உக்காந்துச்சு. நான் சேர்ல உக்காந்தன். ஃபேனு ஓடுச்சுங்க."

அறிக்கையில் 'பங்கேற்பு: உண்டு. உரையாடல்: இல்லை' என்று எழுதினேன்.

டியூஷன் முடிந்து மேகலா தனியாக வந்தாள். "டீச்சர், எங்கப்பாவுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா? சாயந்திரமானா வந்து எம்முன்னாடி உக்காந்துக்கறாரு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. பயமா இருக்குது."

பயப்பட வேண்டாம், திட்டம்தான் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

சுபிக்கு ஃபிசிக்ஸில் குறைந்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். தலைவலி என்றாள். தைலம் கொடுத்தனுப்ப வேண்டும். நேரம் மிச்சமிருந்தது, ஆனால் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. அடுத்த பிள்ளை பேசட்டும் என்று வைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 2, சனி

வடக்கே நல்ல மழை. ரிக் வண்டிகள் ஒவ்வொன்றாக ஊருக்கு வந்து புளியமரத்தடியில் நிற்கின்றன. பதினோரு அப்பாக்கள். இன்று பாடம்: பிள்ளை மனசு சரியில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது. சேலத்தில் கொடுத்த படங்களைச் சுவரில் ஒட்டிக் காட்டினேன். சரியாகச் சாப்பிடாது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லும். பேச்சு குறையும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

"எம்பொண்ணு கேட்டதுக்கும் சொல்லாதுங்களே" என்றார் செங்கோடன். எல்லோரும் சிரித்தார்கள். பாடம் நன்றாகப் போனது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுபி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வார்டன் சொன்னார். சத்துமாவு அரைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

"ம்மா, ஒரு நாள் வந்து கூட்டிட்டுப் போறியா?" என்றாள் சுபி.

"எதுக்கு?"

"சும்மாதான்."

காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றேன். அவர், "இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துரு கண்ணு, அப்பறம் வாழ்க்கை பூரா நல்லாருக்கலாம்" என்றார். சரிங்கப்பா என்றாள். சொன்னால் கேட்டுக்கொள்ளும் பிள்ளை.

செப்டம்பர் 6, சனி

அப்பாவும் பிள்ளையும் சிரிக்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்று ஜெபராஜ் சார் கேட்டிருந்தார். செங்கோடனையும் மேகலாவையும் டிவி ரூம் வாசலில் நிறுத்தி எடுத்து அனுப்பினேன். போன் வந்தது.

"சிரிப்பு இல்லையே மேடம்."

"இருந்தா எடுத்திருப்பேன் சார்."

செப்டம்பர் 13, சனி

செங்கோடன் கூட்டம் தொடங்கும் முன்னாலேயே வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

போர் போடுவது எப்படி என்று மேகலாவிடம் அவராகவே சொல்லிக்கொண்டிருந்தாராம். சுவரைப் பார்த்துச் சொன்னாராம். திடீரென்று அவள், "தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூடிப்போட்டு வந்துருவோம்னன்."

"அப்புறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. ஆனா கேட்டுச்சுங்க டீச்சரு. அதுவாத்தான் கேட்டுச்சு."

மற்ற அப்பாக்கள் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள். ஒருவர், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு சுபி வந்திருக்கிறாள். வீட்டில் தனியாக எதற்கு என்று மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேகலாவும் அவளும் தண்ணித் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தவர்கள், கூட்டம் முடிந்தும் வரவில்லை. தேடிப் போனேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

எனக்காக நிறுத்த வேண்டாம் என்றேன். ஆனால் மறுபடி ஆரம்பிக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

சுபிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். முடி கையோடு வருகிறது. ஹாஸ்டல் தண்ணீர் உப்பு.

அக்டோபர் 22, புதன்

ஹாஸ்டலில் விட்டு வந்தோம். போகும்போது பஸ்ஸில் வாந்தி. முறுக்கு எண்ணெய் சரியில்லை. எனக்கும் அவருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சுபி போனுக்கு வரவில்லை. படிக்கிறாளாம்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் படிக்கிறாளாம். நல்லதுதான். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மத்தியானம் வார்டன் எண்ணுக்கு மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. அப்புறமும் போட்டேன். பாத்ரூம் வாளி ஒழுகுகிறது, புதுசு வாங்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வார்டன் கூப்பிட்டார். "சுபிக்ஷா வீட்டுக்கு வந்துட்டாங்களா மேடம்?" என்றார். ஏன் வர வேண்டும் என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாஸ்டலில் யாரும் அவளைப் பார்க்கவில்லையாம். இவ்வளவு நேரம் உள்ளேயே தேடினார்களாம்.

போனை வைத்துவிட்டு, "சரி, போன வாரம் எங்கே விட்டோம்?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அது நினைவில்லை. செங்கோடன்தான் பிறகு சொன்னார்.

"டீச்சரு, என்னாச்சுங்க?" என்று அவர் எழுந்து வந்தார். சொன்னேன்.

தீபாவளி முடிந்து சிலர் ரிக்குக்குப் போய்விட்டதால் நேற்று ஏழு அப்பாக்கள்தான் இருந்தார்கள். ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். நான் யாரையும் போகச் சொல்லவில்லை. ஒருவர் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகிறேன் என்றார், ஒருவர் ரயில்வே ஸ்டேஷன் என்றார். இன்னொருவர் என் போனை வாங்கி, அதிலிருந்த தீபாவளிப் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பினார். பண்ணை வண்டி ஓட்டுகிறவர் போகிற வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சுண்டல் அப்படியே இருந்தது. செங்கோடன் வண்டி எடுத்து வருகிறேன் என்று காலைச் சாய்த்துச் சாய்த்து வீட்டுக்கு ஓடினார். நான் சுபியின் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் வேலை பார்க்கும் தீவன மில்லில் சத்தம். என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரிய நேரமானது.

பிறகு பாயைச் சுருட்டினேன். சுருட்டிய பாயை மறுபடி விரித்தேன்.

செங்கோடனிடமிருந்து போன் வந்தது.

"டீச்சரு, புள்ள எங்கூட்லதான் இருக்குதுங்க. பயப்படாதீங்க. சோறு திங்குது."

"உங்க வீட்லயா?"

"மத்தியானமே வந்துருச்சாட்ட இருக்குதுங்க. மேகலாதான் உள்ற வெச்சிருந்திருக்குது. இப்ப நான் போனா, ரெண்டு கையையும் விரிச்சுட்டு வாசப்படியில நிக்குது. 'ஒண்ணும் கேக்கமாட்டன்னு சொல்லிப்போட்டு உள்ற வாங்க'ங்குது. சொல்லிப்போட்டுத்தானுங்க வந்தன்."

அவர் வீடு மையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு தண்ணித் தொட்டிப் பக்கத்தில் கிடந்ததை இன்று மேகலா கொண்டுவந்து கொடுத்தாள்.

சுபி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். செங்கோடனின் மனைவி அமுதா இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்பதற்கு நிறைய இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. இதைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்ல முடியாது.

சுபியின் அப்பா மில் துணியோடு வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் தவிட்டுத் தூள். சுபியை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கிளம்பு கண்ணு. வார்டன்கிட்டப் பேசிட்டேன். திங்கக்கிழமை டெஸ்ட் இருக்குதாம்" என்றார்.

சுபி தட்டைப் பார்த்தாள்.

"சாப்புடட்டுங்க" என்றார் செங்கோடன்.

"நீங்க யாருங்க நடுவுல?"

"நான் யாருமில்லீங்க. எங்கூட்ல சோறு திங்கறவங்கள எழுப்பமாட்டங்க, அவ்வளவுதான்."

"எந்திரி சுபி."

"அவ போகமாட்டா" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"டெஸ்ட்டுக்கா போகமாட்டா?"

"அங்கயே போகமாட்டா."

பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. பேச வேண்டிய தேவை வந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். அமுதா அவர் முன்னால் ஒரு தட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு. வெளியே அப்பாக்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

சுபி தூங்குகிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றும் தூங்கினாள். எழுந்து தோசை சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பு ஜாடியைப் பார்க்கிறார்.

நவம்பர் 21, வெள்ளி

பள்ளிக்குப் போய் முதல்வரைப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, இப்போது டிசி கொடுக்க முடியாது என்றார். கொடுக்க வேண்டாம், பெயர் இங்கேயே இருக்கட்டும், பிள்ளை வீட்டில் இருந்து படித்துப் பிராக்டிகலுக்கும் பரீட்சைக்கும் வருவாள் என்றேன். அப்படி வழக்கமில்லை என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். முதல்வர் சாப்பிடப் போய்விட்டு வந்தார். நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். "சரி, லீவ் லெட்டர் எழுதிக் கொடுங்க" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

சுபியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆறு மாதமாக ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறேன், கஷ்டமில்லை. உட்கார்ந்த உடனே ஃபிசிக்ஸ் புத்தகம் எங்கே என்று கேட்டுவிட்டேன். எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 24, திங்கள்

இன்று கொஞ்சம் தாங்கினேன்.

டிசம்பர் 13, சனி

சுபி இப்போது என்னோடு மையத்துக்கு வருகிறாள். ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கிறாள், படிக்காமலும் இருக்கிறாள். மேகலாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

சாயந்திரம் அப்பாக்கள் கூடிய பிறகு அவர் வந்தார். கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்றார். நாங்கள் எப்போதும் பஸ்ஸில்தான் போகிறோம். கூட்டம் முடிய நேரமாகும் என்றேன். கடைசிப் பாயில் செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கோடன் நகர்ந்து இடம் கொடுத்தார். சுண்டல் வந்ததும் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

வருகைப் பதிவு எழுதும்போது, "உங்க பேர் எழுதலாங்களா?" என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு அப்புறம் நேராகக் கேட்ட கேள்வி.

"அப்பாதானே. எழுதிக்கோ" என்றார்.

ஜனவரி 24, சனி

நிதி கொடுப்பவர்கள் சார்பில் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஜெபராஜ் சார் காலையிலிருந்தே சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இந்தத் திட்டத்தால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று அவர்களில் ஒரு அம்மா செங்கோடனைக் கேட்டார்.

"சுண்டல் நல்லாருந்துச்சுங்க."

ஜெபராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

மேகலாவைக் கேட்டார்கள். "அப்பா இப்ப உன்னோட பேசறாராம்மா?"

"பேசறாருங்க. கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டுப் போங்க."

சுபி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்டது. வந்தவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, சனி

செங்கோடன் நேற்று ரிக்கோடு கிளம்பிவிட்டார். கால் முழுதாகச் சரியாகவில்லை; இன்னும் உட்கார்ந்திருந்தால் வீடு நடக்காது. சாயந்திரமானால் மேகலாவுக்குப் போன் செய்கிறாராம். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தத்தில் பாதி கேட்பதில்லை என்கிறாள். வீட்டில் சிக்னல் இல்லை என்று, போன் வருகிற நேரத்துக்கு அவளாகவே வெளியே போய் நிற்கிறாளாம். இதை அமுதா சொன்னாள்.

மார்ச் 10, செவ்வாய்

திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வருஷத்துக்கு நிதி இல்லை. அவர்கள் இனிமேல் மண்வளத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். "உங்க வேலையில குறை இல்ல மேடம், அவங்க முன்னுரிமை மாறிடுச்சு" என்றார் ஜெபராஜ் சார். அவர் குரலும் சரியில்லை. அவருக்கும் வேலை இருக்காதாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 21, சனி

கடைசிக் கூட்டம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். நிதி இல்லை என்றேன். டிவி ரூமுக்கு வாடகை கிடையாதே, கொண்டைக்கடலை நம்ம காட்டிலேயே விளையுதே, நிதி எதுக்கு என்று கேட்டார் பண்ணை வண்டிக்காரர். அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தால் தெரியும்.

மார்ச் 26, வியாழன்

சுபிக்குக் கடைசிப் பரீட்சை. பள்ளி வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தாள். "எப்படி எழுதின?" என்று கேட்டுவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

"பாஸ் ஆயிருவேன். டாக்டர் ஆகமாட்டேன்" என்றாள்.

சரி என்றேன்.

பிரைவேட் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பாட்டுச் சத்தம். டவுனைத் தாண்டியதும் அவளாகப் பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு ஸ்டடி ஹாலில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே தெரியவில்லையாம். மூடித் திறந்தாலும் அப்படியேதானாம். சமையல்காரம்மாக்கள் போகிற பின்வாசல் திறந்திருந்ததாம். நடந்து வந்து ரோட்டில் நின்றாளாம்.

"உங்கிட்ட வரலாம்னுதான்மா மொதல்ல பஸ் ஏறுனேன். மையத்துக்கே வந்துட்டேன். ஜன்னல் வழியா பாத்தேன். நீ சுண்டலுக்குத் தாளிச்சிட்டிருந்த."

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாள் என்று பட்டது.

"கூப்பிட்டிருந்தா நீ மொதல்ல டெஸ்ட் எப்பன்னு கேட்டிருப்பே. அதான் மேகலா வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஆமா, கேட்டிருப்பேன்" என்றேன்.

அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பற்றி, ராத்திரி எல்லோரும் தூங்குகிற மாதிரி நடிப்பதைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை போனுக்காக வரிசையில் நிற்கும்போது என்னிடம் சொல்வதற்கென்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றி. எங்கள் ஸ்டாப் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். பஸ் கிளம்பியது.

கண்டக்டர் வந்து குனிந்தார். "அக்கா, உங்க ஸ்டாப்பு போயிருச்சுங்களே!"

"தெரியுங்க. கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு குடுங்க" என்றேன்.